தீட்டும் மாசும்

நீர் கெட்டுவிட்டது என்று எப்போது சொல்ல வேண்டும்? யார் சொல்ல வேண்டும்? எதை அளவுகோலாகக் கொண்டு சொல்ல வேண்டும்? கேள்விகள் மூன்றும் எளியவை போலத் தோன்றுகின்றன. ஆனால் இவற்றுக்கு இந்த நாடு நெடுங்காலமாகத் தந்துவந்த விடைகளோ விந்தையானவை, வேதனையானவை, வெட்கப்படத் தக்கவை!

1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள். மராட்டிய நாட்டின் மகாத் நகர். அங்கே சவுதார் குளம் என்றொரு பொதுக்குளம். ஆடு மாடுகள் அதில் நீர் அருந்தலாம். அலைந்து திரியும் நாய் அருந்தலாம். ஒடுக்கப்பட்ட மக்கள் மட்டும் அருந்தலாகாது! அந்தக் குளத்தைப் பொதுவாக்கி நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் தாளில் இருந்தது. தடையோ தெருவில் இருந்தது. அன்று அண்ணல் அம்பேத்கர் அந்தக் குளத்தில் இறங்கினார். கை நிறைய நீரை அள்ளிப் பருகினார். அவர் பின்னால் திரண்டு வந்த மக்களும் பருகினர். அவ்வளவுதான்! குளம் ‘தீட்டுப்பட்டு’ விட்டது என்று கூக்குரல் எழுந்தது. மக்கள் தாக்கப்பட்டனர். பின்னர் வைதீகர்கள் கூடினர். தயிர், பால், பசுவின் சாணம், பசுவின் சிறுநீர் ஆகியவற்றைக் கலந்து, 108 குடங்களில் நிரப்பி, மந்திரம் முழங்கக் குளத்தில் கொட்டினர். கொட்டி முடித்ததும், குளம் ‘தூய்மை’ அடைந்துவிட்டதாக அறிவித்தனர்!

மனிதன் கை பட்ட நீர் கெட்டது. மாட்டுச் சாணம் கொட்டிய நீர் தூயது. இதுதான் அவர்கள் தந்த விடை!

அந்தக் குளத்திலே ஒரு மீன் இருந்திருக்கும் அல்லவா? அந்த மீனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? மீனுக்குச் சாதி இல்லை, சாத்திரம் தெரியாது, சங்கராச்சாரியும் இல்லை. ஆகவே அது உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கும். “ஆயிரக்கணக்கானோர் குனிந்து நீரள்ளிக் குடித்தார்கள், அதனால் என் மூச்சு ஓர் இழைகூடக் குறையவில்லை. பிறகு சிலர் வந்து சாணக் கரைசலைக் கொட்டினார்கள், அப்போதுதான் என் மூச்சுக்கு வரி விதிக்கப்பட்டது” என்று சொல்லியிருக்கும்.

இது வேடிக்கைப் பேச்சன்று; வேதியியல். சாணமோ, சாக்கடைக் கழிவோ, எந்த உயிர்ப்பொருள் கழிவும் நீரில் கலந்தால், அதைச் சிதைத்து உண்ண நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவையும் மூச்சு விட வேண்டும். நீரிலே கரைந்திருக்கும் உயிர்வளியை, அதாவது ஆக்சிஜனை, அவை எடுத்துக்கொள்கின்றன. கழிவு மிகுதியானால் நுண்ணுயிர் மிகுதி. நுண்ணுயிர் மிகுதியானால் உயிர்வளி குறைவு. உயிர்வளி குறைந்தால் மீனுக்கு மூச்சுத் திணறல். இங்கே மந்திரத்திற்கு வேலை இல்லை. பிறப்புக்கும் வேலை இல்லை.

தீட்டு என்பது கற்பனை. மாசு என்பது உண்மை. தீட்டு, ஆளைப் பார்க்கும். மாசு, பொருளைப் பார்க்கும். தீட்டை அளக்க எந்தக் கருவியும் கிடையாது. மாசை அளக்கப் பள்ளி மாணவனுக்கும் ஒரு கண்ணாடிக் குழாய் போதும். இந்த இரண்டையும் ஒன்றெனக் குழப்பியதே நமது நாட்டு ஆறுகளுக்கும், நமது நாட்டு மக்களுக்கும் நேர்ந்த பெருங்கேடு என்று நாம் கூறுகிறோம். இல்லாத தீட்டுக்கு அஞ்சி மனிதனை விலக்கி வைத்தோம். இருக்கும் மாசைக் கண்டு அஞ்சாமல் ஆற்றில் கொட்டினோம்!

நீரைப் பற்றித் தீர்ப்புக் கூற மீனைவிடத் தகுதி வாய்ந்த நடுவர் யார்? அதன் உடலமைப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

நாம் வாழும் காற்றிலே நூற்றுக்கு 21 பங்கு உயிர்வளி. நாம் அதை அள்ளி அள்ளிப் பருகுகிறோம், கணக்குப் பார்ப்பதில்லை. மீனோ கணக்குப் பார்த்துக் குடித்தனம் நடத்தும் ஏழைத் தாய் போன்றது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருக்கக்கூடிய உயிர்வளி ஏறத்தாழ 9 மில்லிகிராம். 30 டிகிரி வெப்பமானால் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகச் சுருங்கிவிடுகிறது. அதே ஒரு லிட்டர் காற்றில் இருப்பதோ இதைப்போல் ஏறக்குறைய முப்பது மடங்கு! அந்தச் சிறு அளவைப் பற்றி இழுப்பதற்காகவே மீனின் செவுள் அமைந்திருக்கிறது. நீர் ஒரு திசையில் ஓட, இரத்தம் எதிர்த் திசையில் ஓட, நீரிலிருக்கும் உயிர்வளியின் பெரும்பகுதியை அது வாங்கிக்கொள்கிறது. மெல்லிய தோல், அதன் ஒரு புறம் ஆறு, மறு புறம் குருதி. நடுவே கதவில்லை; காவலாளி இல்லை.

நன்னீர் மீனின் உடலில் உள்ள உப்பு, சுற்றியுள்ள ஆற்று நீரில் உள்ளதைவிட மிகுதி. ஆகவே அது குடித்தாலும் குடிக்காவிட்டாலும், ஆற்று நீர் செவுள் வழியே இடைவிடாமல் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகம் அந்த நீரை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. செவுள் உப்பைத் தேடிப் பிடித்து உள்ளே சேர்த்துக்கொண்டே இருக்கிறது. ஆறு எப்படியோ, அப்படித்தான் மீன். நமக்குக் கெட்ட நீர் என்றால் கொதிக்க வைக்கலாம், வடிகட்டலாம், காசிருந்தால் புட்டியில் வாங்கலாம். மீன் என்ன செய்யும்? ஆற்றை மறுக்கும் உரிமை அதற்கு இல்லை!

எனவே ஆற்றுக்கு நேரும் ஒவ்வொரு கேடும் மீனின் உடலில் எழுதப்படுகிறது. சாக்கடையிலிருந்து அம்மோனியா வருகிறது. அது செவுளை அரிக்கிறது. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் ஏற ஏற, அதே அளவு அம்மோனியாவின் நச்சு வடிவம் பல மடங்காகிறது. அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரைட்டு செவுள் வழியே குருதியில் புகுந்து, உயிர்வளியைச் சுமக்கும் செந்நிறப் பொருளைச் செயலிழக்கச் செய்கிறது. குருதி பழுப்பு நிறமாகிறது. அப்போது நீரிலே உயிர்வளி இருந்தும் மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. களஞ்சியத்திலே நெல் குவிந்திருக்க, வாசலிலே ஏழை பட்டினியால் சாவதில்லையா? அதைப் போல!

உரமும் கழிவும் கலந்த நீரில் பாசி செழிக்கிறது. பகலெல்லாம் அது உயிர்வளி தருகிறது; இரவெல்லாம் அதுவே உயிர்வளியை உண்கிறது. விடியற்காலையில் நீரின் உயிர்வளி அடிமட்டத்துக்கு இறங்குகிறது. பொழுது புலரும் வேளையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்பதைக் கண்டு, “ஆகா, மீன் துள்ளுகிறது, பார்!” என்று மகிழ்கிறோமே, அது பல வேளைகளில் ஆனந்தக் கூத்தன்று, ஆபத்துக் குரல்!

இப்படி நலிந்த உடலில் நோய் எளிதாகப் புகுகிறது. மீனின் உடலெங்கும் புண்ணாக்கும் பூசண நோய் ஒன்று 1988ஆம் ஆண்டு வடகிழக்கு வழியாக இந்திய நாட்டுக்குள் புகுந்து, ஆற்று மீனையும் குளத்து மீனையும் வாரிக்கொண்டு போயிற்று. நோய்க்கு ஒரு கிருமி உண்டு. அந்தக் கிருமிக்கு இடங்கொடுக்கும் நீர்நிலைமையும் உண்டு. இரண்டையும் ஆராய்வது அறிவு. ‘காலம் கெட்டுவிட்டது, கடவுள் கோபம்’ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அறிவுக்கு ஓய்வு.

இங்கே ஒரு வாதம் எழும். “ஆறு அப்படியொன்றும் கெட்டுவிடவில்லை. பாருங்கள், கழிவு ஓடும் வாய்க்காலிலும் மீன் இருக்கிறதே!” என்பர் சிலர். இருக்கிறது, எந்த மீன் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விராலும், தேளியும், பனையேறிக் கெண்டையும் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை நேராக விழுங்கி மூச்சு விடும் உறுப்புப் பெற்றவை. 1952ஆம் ஆண்டு ஆப்பிரிக்க இனத்திலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை, பிற மீன்கள் பொறுக்க மாட்டாத நீரையும் பொறுக்கும். பத்து இனம் வாழ்ந்த ஆற்றில் இரண்டு இனம் எஞ்சி நிற்பது ஆற்றின் நலத்துக்குச் சான்றாகாது; அந்த இரண்டின் தாங்கும் ஆற்றலுக்கே சான்றாகும்.

தோழர்களே! இந்த வாதம் மீனைப் பற்றியது மட்டுமா? நமக்கு மிகவும் பழகிப்போன குரல் அல்லவா இது? “அவர்கள் சேரியில் பழகிவிட்டார்கள்.” “அவர்கள் அரை வயிற்றுக்குப் பழகிவிட்டார்கள்.” “அவர்களுக்கு அந்த நாற்றம் தெரியாது.” சாகவில்லை என்பதையே வாழ்கிறார்கள் என்பதற்குச் சான்றாக்கும் சாமர்த்தியம்! பொறுத்துக்கொள்வது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. உயிரோடிருப்பது வேறு, நலத்தோடிருப்பது வேறு. ஒருவன் தாங்குகிறான் என்பதற்காக அவன்மேல் சுமையை ஏற்றும் உரிமை எவருக்கும் வந்துவிடாது. இதுவே இந்தக் கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் அறக்கேள்வியின் முதற்பகுதி.

மேலும், சாகாத மீன் நலமான மீன் என்று எண்ணினால் என்ன விளையும் என்பதை ஜப்பான் நாடு கற்றுத் தந்திருக்கிறது. நீகாத்தா என்னும் பகுதியில் அகானோ என்றோர் ஆறு. கரையோர மக்களுக்கு ஆற்று மீனே உணவு. மேல்நிலத்தில் கனோசே என்ற ஊரில் ஒரு வேதிப்பொருள் ஆலை. அதன் கழிவில் பாதரசச் சேர்மம். மீன்கள் நீந்தின, உண்டன, வளர்ந்தன. சிறு உயிரிலிருந்து சிறு மீனுக்கு, சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கு எனப் படிப்படியாகப் பாதரசம் அவற்றின் உடலில் திரண்டது. பின்னர் மக்கள் கைகால் மரத்து, கண் மங்கி, நடை தளர்ந்தனர். 1965ஆம் ஆண்டு அந்த நோய் உலகறிய வெளிப்பட்டது. ஆலையினர் என்ன கூறினர்? 1964ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின்போது ஆற்றில் அடித்துச் செல்லப்பட்ட பூச்சிமருந்தே காரணம் என்றனர்! பாதிக்கப்பட்ட மக்கள் 1967இல் வழக்குத் தொடுத்தனர், 1971இல் வென்றனர். மீனுக்கு நேர்வது நமக்கு நேராது என்று மனிதன் எண்ணுவது, அடுத்த வீடு எரியும்போது தன் கூரையும் ஓலைதான் என்பதை மறப்பது போன்றது.

கண்ணுக்குத் தெளிந்த நீர் என்பதாலும் ஏமாற வேண்டாம். இங்கிலாந்து நாட்டு ஆறுகளில், சாக்கடை நீரைச் சுத்திகரித்து விடும் இடங்களுக்குக் கீழே, ஆண் மீன்களின் விரைகளில் முட்டை உருவாகியிருந்ததை 1990களில் அறிஞர்கள் கண்டனர். மனித உடலிலிருந்தும் மருந்துகளிலிருந்தும் வந்து, நீரில் எஞ்சியிருந்த பெண்மை ஊறுபொருள்கள் அதற்குக் காரணமாயின. நீரில் நிறமில்லை, நாற்றமில்லை, ஆனால் நலமில்லை. ‘பார்த்தால் தெரியும்’ என்பது போதாது, ஆராய்ந்தால்தான் தெரியும்.

“கெட்ட ஆறு திரும்பவும் உயிர் பெறுமா? இது கலியுகம், இப்படித்தான் இருக்கும்” என்று பெருமூச்சு விடுவோருக்குத் தேம்சு ஆற்றின் கதையைச் சொல்லுவோம். 1858ஆம் ஆண்டுக் கோடையில் லண்டன் மாநகரின் சாக்கடை முழுவதும் தேம்சில் கலந்து, அதன் முடை நாற்றம் பாராளுமன்ற மாளிகையின் சாளரம் வழியே உள்ளே நுழைந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. ஏழைகள் காலராவில் மடிந்த ஆண்டுகளில் அசையாத பாராளுமன்றம், தன் மூக்குக்கு வந்தபோது அசைந்தது! பேசல்கெட்டு என்னும் பொறியாளர் பெரும் பாதாளச் சாக்கடைகளை அமைத்தார். ஆனால் சாக்கடை நகரைவிட்டு நகர்ந்ததேயன்றி ஆற்றைவிட்டு அகலவில்லை. 1957ஆம் ஆண்டு, தேம்சின் லண்டன் பகுதி உயிரற்ற ஆறு என்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்து அறிஞர்கள் அறிவித்தனர்.

அறிவித்ததோடு நின்றார்களா? பரிகாரப் பூசை செய்தார்களா? இல்லை. சுத்திகரிப்பு நிலையங்களைப் புதுப்பித்தனர், உயிர்வளியை அளந்தனர், ஆலைக் கழிவுகளைக் கட்டுப்படுத்தினர். 1833ஆம் ஆண்டுக்குப் பிறகு காணாமற் போயிருந்த சால்மன் மீன் ஒன்று 1974ஆம் ஆண்டு தேம்சில் அகப்பட்டது! இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மீன் இனங்கள் அங்கே காணப்படுகின்றன. எல்லாம் முடிந்துவிட்டது என்பதன்று. பெருமழையின்போது சாக்கடை பொங்கி ஆற்றில் விழுவதைத் தடுக்க 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கக் குழாய் 2025ஆம் ஆண்டில்தான் முழுமையாக இணைக்கப்பட்டது. தேம்சை எவரும் தெய்வம் என்று கும்பிடவில்லை. தெய்வம் அன்று, ஆறு என்று அறிந்தார்கள். ஆகவே அதைத் திருத்தினார்கள்.

இங்கோ? ஆற்றைத் தாய் என்கிறோம். தாயின் மடியில் சாக்கடையைத் திறந்து விடுகிறோம். மச்சாவதாரம் என்று மீனைக் கும்பிடுகிறோம். மச்சம் மூச்சுத் திணறி மிதக்கிறது. கோயில் துறையில் மீனுக்குப் பொரி போடுவது புண்ணியம் என்கிறோம். தாமிரபரணிக் கரையில், பாபநாசத்தில், பரிகாரம் என்று உடுத்த துணியை ஆற்றோடு விட்டு வருகிறோம். புனிதம் என்பது ஆற்றின்மேல் போர்த்திய பட்டாடை. பட்டாடை பளபளக்கிறது, அதற்கடியில் உடல் புண்ணாகிக் கிடக்கிறது. ‘எதைக் கொட்டினாலும் ஆறு தன்னைத்தானே தூய்மையாக்கிக் கொள்ளும்’ என்ற நம்பிக்கையைவிடக் கொட்டுகிறவனுக்கு வசதியான வேதாந்தம் வேறு உண்டோ?

இனி, நம்மை நோக்கி வீசப்படும் கடினமான கேள்விக்கு வருவோம். “மீனுக்காக மனிதன் பட்டினி கிடப்பதா? ஆலை ஓடினால்தானே அடுப்பு எரியும்?” என்கின்றனர். இதை ஏளனமாக ஒதுக்கிவிட நாம் ஒப்போம். உழைக்கும் மக்களின் உலைமூடியைத் தட்டிப் பார்க்காத எந்தத் தத்துவமும் நமக்குத் தேவையில்லை. ஆகவே நேராகவே எதிர்கொள்வோம்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை வழியே, திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணிக்குச் சாயமேற்ற உப்பு ஏராளமாக வேண்டும். பனியன் தொழில் வளர்ந்தது. சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. உப்பும் சாயமும் ஆற்றில் இறங்கின. 1990களின் தொடக்கத்தில் உழவருக்குப் பாசனம் தரக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியாயிற்று! அணை வேண்டும், நீர் வேண்டும் என்று உழவர் போராடுவதை உலகம் கண்டிருக்கிறது. ‘அந்த நீர் எங்களுக்கு வேண்டா’ என்று உழவரே நீதிமன்றம் ஏறிய கொடுமையை நொய்யல் கண்டது. 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறா நிலையை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைகள் மூடின, தொழிலாளர் வேலையிழந்தனர். அந்தத் துன்பம் உண்மை. அதை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் கேட்கிறோம்: அந்தத் துன்பத்தை உண்டாக்கியது யார்? மீனா? ஆற்றைக் காக்கக் கேட்ட உழவனா? கழிவைத் திருத்தும் செலவைக் கணக்கில் எழுதாமல், பல ஆண்டுகள் ஆதாயம் எழுதியவர்களா? கழிவைத் திருத்தச் செலவு உண்டு. அந்தச் செலவு செய்யப்படாதபோது அது மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. முதலாளியின் பேரேட்டிலிருந்து உழவனின் கிணற்றுக்குப் போகிறது. மீனவனின் வலைக்குப் போகிறது. மீனின் செவுளுக்குப் போகிறது. ஆதாயம் ஒருவருக்கு, அழிவு ஊருக்கு என்ற இந்தக் கணக்கைத்தான் தொழில் வளர்ச்சி என்று அழைத்தார்கள்! தொழிலாளியின் வயிற்றைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அவன் குடிக்கும் நீரைக் கெடுத்தவர்கள், அவன் பெயரால் வாதாடத் தகுதியற்றவர்கள். தொழில் வேண்டும்; தூய நீரும் வேண்டும். இரண்டில் ஒன்று என்று கேட்பதே சூழ்ச்சி.

பாலாற்றுத் தோல் ஆலைகளின் வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டமென அறிவித்தது. 2025ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அதே பாலாற்றுக்காக, அதே நீதிமன்றம், இழப்பீடு தந்து ஆற்றைச் சீர்செய்யுமாறு மீண்டும் ஆணையிட நேர்ந்தது! இடையே கழிந்தவை 28 ஆண்டுகளுக்கும் மேல். ஒரு குழந்தை பிறந்து, படித்து, வேலைக்குச் சென்று, தானும் ஒரு குழந்தைக்குத் தாயாகும் காலம்! நீதி தாமதிக்கலாம், நுரையீரல் தாமதிக்குமா? செவுள் தாமதிக்குமா?

அடுத்த வாதம் இன்னும் நுட்பமானது. “நான் விட்டது ஒரு குடம், அதனாலா ஆறு செத்தது?” ஒவ்வொருவரும் இப்படியே கூறுவர், ஒவ்வொருவர் கூற்றிலும் ஒரு துளி உண்மையும் இருக்கும். 2022ஆம் ஆண்டுக் கோடையில், போலந்து நாட்டுக்கும் செருமனி நாட்டுக்கும் இடையே ஓடும் ஓடர் ஆற்றில் 300 டன்னுக்கும் மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. முதலில் பாதரசமோ என்று ஐயுற்றனர். ஆராய்ந்தபோது புலப்பட்டது வேறு: சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் விட்ட உப்பு, கோடை வெப்பம், குறைந்த நீரோட்டம், நீரில் சேர்ந்த உரச்சத்து, இவை யாவும் கூடி, உவர் நீருக்கு உரிய ஒரு நச்சுப்பாசியை நன்னீர் ஆற்றில் செழிக்க வைத்தன, அந்த நஞ்சு செவுளைத் தாக்கியது. எந்த ஒரு குழாயையும் காட்டி, ‘இதுவே கொலையாளி’ என்று கூற இயலாது. ஆயினும் கொலை நடந்தது! பலர் கூடிச் செய்த பிழையில் எவருக்கும் பங்கில்லை என்பது சரியென்றால், தீண்டாமைக்கும் எவரும் பொறுப்பில்லை. வரதட்சிணைக்கும் எவரும் பொறுப்பில்லை. ‘ஊரார் செய்தனர், நானும் செய்தேன்’ என்பது விளக்கமாகலாம், மன்னிப்பாகாது. பங்கு சிறிதாயின் பொறுப்பும் சிறிதாகும். ஆனால் சிறிதாவது வேறு, இல்லாமற் போவது வேறு.

மனிதனுக்கு நேரும் கேட்டை ஒருபுறம் வைத்துவிட்டு, மீனுக்காகவே மீனை எண்ண வேண்டியதில்லையா? உண்டு என்கிறோம். மீனுக்கு ஆன்மா உண்டென்பதால் அன்று. அது அவதாரம் என்பதால் அன்று. துன்புறும் உயிர் என்பதால். ஜெரமி பெந்தாம் 1789ஆம் ஆண்டு வெளியான தமது நூலில், விலங்குகளை நடத்தும் முறைக்குப் பேச்சையோ பகுத்தறிவையோ அளவுகோலாக்காமல், துன்பம் உணரும் தன்மையையே அளவுகோலாக்கினார். “மீனைத் தின்னும் நீங்கள் இதைப் பேசலாமா?” என்று கேட்கலாம். பேசலாம். பசிக்கு ஒரு மீனைப் பிடிப்பவன், ஆற்றில் நாளையும் மீன் வேண்டும் என்று விரும்புகிறவன். ஆற்றில் நஞ்சைக் கொட்டுகிறவனோ, முட்டையையும் குஞ்சையும் பிறவாத தலைமுறையையும், எந்தப் பசியும் தீராமலே கொன்று போடுகிறவன். முன்னதில் தேவை இருக்கிறது. பின்னதில் அலட்சியமே இருக்கிறது.

மகாத் குளத்துக்கே மீண்டும் வருவோம்; ஏனெனில் தீட்டின் தத்துவம் இன்னும் சாகவில்லை. மாசு செய்வோர் மாளிகையில் வாழ்கின்றனர். மாசு அகற்றுவோர் சாக்கடைக் குழியில் இறங்குகின்றனர். அழுக்காக்குகிறவன் பெரிய மனிதன், அழுக்கெடுக்கிறவன் தீட்டானவன்! மனிதரைக் கொண்டு மலக்குழியைத் துப்புரவு செய்வதைத் தடுக்கும் சட்டம் 2013ஆம் ஆண்டே வந்துவிட்டது; அதன் பின்னரும் நச்சுக்காற்றில் மூச்சடங்கி மடிகின்றனர். அந்தக் குழியில் மனிதனின் மூச்சை நிறுத்துவதும், ஆற்றில் மீனின் மூச்சை நிறுத்துவதும், ஒரே கழிவு, ஒரே அலட்சியம். தன் வீட்டுக் கழிவு எங்கே போகிறது என்று கேளாதவன், அதில் யார் இறங்குகிறான் என்றும் கேட்கமாட்டான். ஆகவே, ஆற்றைக் காப்பது பூவும் மரமும் நேசிக்கும் பொழுதுபோக்கு அன்று. சாதியின் அடித்தளத்தைத் தகர்க்கும் வேலையின் ஒரு பகுதி.

1976ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட குடிமக்கள் கடமைகளில் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று, ஆறு உள்ளிட்ட இயற்கையைக் காத்து உயிர்களிடம் பரிவு கொள்வது. அதற்கு அடுத்தது, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது. அடுத்தடுத்து நிற்பது எத்துணைப் பொருத்தம்! பரிவில்லாத அறிவு, நஞ்சை அளந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். அறிவில்லாத பரிவு, பொரியைப் போட்டுவிட்டுப் போய்விடும். இரண்டும் இணைந்தால்தான் ஆறு பிழைக்கும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மீன் வளத்துக்கு உரிய நீருக்கு அளவு வகுத்திருக்கிறது: லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாத உயிர்வளி, அமில காரக் குறியீடு 6.5 முதல் 8.5 வரை, தனித்த அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மேற்படாமை. மூன்றே எண்கள்! நாள், நட்சத்திரம், இராகு காலம் என்று எத்தனையோ எண்களை மனப்பாடம் செய்யும் நாட்டில், இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்ய நூறு இளைஞர்கள் ஊருக்கு ஊர் கிடைக்கமாட்டார்களா? படிப்பகந்தோறும் ஒரு சோதனைப் பெட்டி வாங்குவோம். திங்களுக்கு ஒருமுறை, விடியற்காலையில், நமது ஊர் ஆற்றிலும் ஏரியிலும் நீரை அளப்போம். எந்தெந்த மீன் இனம் இருக்கிறது, எது காணாமற் போயிற்று என்று முதிய மீனவரைக் கேட்டு எழுதி வைப்போம். எழுதியதைத் தட்டியில் ஒட்டுவோம். ஊராட்சி மன்றத்தில் படிப்போம். அதிகாரியின் மேசையில் வைப்போம். ‘அளவு என்ன?’ என்று கேட்கும் ஊரில், ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்ற பொய் நெடுநாள் நில்லாது.

நீருக்கு யார் தீட்டு என்று கேட்ட காலத்தை நம் முன்னோடிகள் நீதிமன்றத்திலும் தெருவிலும் எதிர்த்து நின்று முறியடித்தனர். சவுதார் குளத்து வழக்கில் 1937ஆம் ஆண்டு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது. குளத்தில் இறங்கும் உரிமை வந்தது. இறங்கும் உரிமை வந்தபின், இறங்கத் தக்க நீர் இல்லையென்றால் அந்த உரிமைக்கு என்ன பொருள்? எல்லார்க்கும் நீர் என்றனர் அவர்கள். எல்லார்க்கும் நல்ல நீர் என்பது நம் தலைமுறையின் முழக்கமாகட்டும். அந்த ‘எல்லார்’ என்ற சொல்லுக்குள், வாய் திறந்தும் பேச முடியாமல் விடியற்காலை நீரில் நிற்கும் அந்த மீனுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்!